அடிக்குறிப்பு மூன்று

படுவான்கரைப் பெண்கள் நூற்றில் எழுபத்தொரு பேர்
கடன் எடுத்தது கல்யாணச் செலவுக்கு.
என் களப்பணி அறிக்கையின் முதல் வரி அது.
எனக்கு முந்திய வருடத்தார் எழுதியது,
அவர்களுக்கும் முந்தியவர்கள் எழுதியது,
வாட்ஸ்அப்பில் என்னிடம் வந்து சேர்ந்தபோது
பல கை பட்ட காசுபோல் தேய்ந்திருந்தது.
நான் எழுதவில்லை, ஒட்டினேன்.

குறை ஒன்றுதான்: பக்க எண் இல்லை.
படிவத்தில் அதற்கொரு நிரல் இருக்கிறது,
வெறுமையாக விட்டால் அறிக்கை திரும்பி வரும்.
"ஏதாவது ஒரு எண்ணைப் போடு" என்றாள் ஹஸ்மியா,
"பதினேழு நல்ல எண்."

நூலகத்துக்கு நான் புதியவளில்லை.
இரண்டு வருடமாக
வாவியைப் பார்த்த ஜன்னலோரம் மூன்றாவது மேசை என்னுடையது.
சார்ஜ் போட ஒரு பிளக்,
தலைக்கு மேல் ஃபேன்,
மார்கழி மழைக்குக் கூரை.
அலமாரிகளுக்கு முதுகு காட்டியே இருந்திருக்கிறேன்.
அன்றுதான் கதிரையைத் திருப்பினேன்.

ஆய்வேடு ஒரு கட்டுரையைக் காட்டியது.
கட்டுரை ஒரு பயிற்சிக் கைந்நூலைக் காட்டியது.
கைந்நூல்
"ஓர் ஆய்வின்படி" என்று சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டது.

கணினியில் தமிழில் தேடினேன், பூச்சியம்.
கொக்கட்டிச்சோலையை ஆங்கிலத்தில் எழுத
எத்தனை வழி இருக்கிறதென்று
அதுவரை எனக்குத் தெரியாது.
மூன்று விதமாய் எழுதியும் அப்படியோர் ஊர் இல்லை.
நாலாவது தரம்
கை தவறி ஓர் எழுத்து விடுபட
ஊர் வந்தது.

சுருள்கம்பி போட்ட மெல்லிய அறிக்கை.
திகதித் தாளில் ஒரு முத்திரையும் இல்லை.
வெள்ளிப் பூச்சி ஒன்று மட்டும்
ஒழுங்காக வாசித்திருந்தது.
பக்கம் பதினான்கு, அடியில், எறும்பெழுத்தில்:
ஒரு கிராமம். ஒரு பின்நேரம். முப்பத்தொரு பேர்.
அதில் இருபத்திரண்டு.
ஃபோன் கணிப்பானில் வகுத்துப் பார்த்தேன்.
சரிதான், எழுபத்தொன்று.
கணக்கில் பிழையில்லை.

கிராமத்தின் பெயரை இரண்டு தரம் வாசித்தேன்.
புதன்தோறும் நான் பஸ்ஸில் போய் இறங்குகிற இடம்.

மண்முனைப் பாலத்தில் காற்று அடித்து
பையைப் பறிக்கப் பார்த்தது.
நேசமலர் அக்கா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தா.
"ஓம் கா, வந்தாங்க, கேட்டாங்க.
முதல் கடன்ட வட்டிய அடைக்கத்தான் ரெண்டாம் கடன் எடுத்த.
அதுக்குப் பெட்டி இல்லையே அந்தத் தாளில.
கல்யாணம், தொழில், வீடு. மூண்டுதான்.
மகளுக்கு அப்பப் பதினேழு.
கல்யாணம் எண்டு போடவா எண்டு கேட்டுது அந்தப் புள்ள.
மழை இருட்டிற்று, கன்றுக்குட்டி வெளியில.
போடுங்க எண்டன்."

மகள் இன்னும் கட்டவில்லை.
கட்டுநாயக்காவில் தைக்கிறாளாம்,
வட்டி போகிறது.

தேத்தண்ணி வந்தது.
பையைத் திறக்கவில்லை நான்.
உள்ளே என் வினாத்தாள்,
பதினொரு வீட்டில் நிரப்பியாயிற்று.
எட்டாம் கேள்விக்கு மூன்று பெட்டி,
கல்யாணம், தொழில், வீடு.
அதையும் நான் எழுதவில்லை,
ஒட்டினேன்.

"என்ன புள்ள, சீனி காணாதா?"
காணும் என்றேன்.

இரவு ஹஸ்மியா கேட்டாள்:
முடிஞ்சுதா? எனக்கும் அனுப்பு,
பேரை மாத்திப் போடுறன்.
பதினான்காம் பக்கத்தின் படத்தை அனுப்பினேன்,
வேறொன்றும் எழுதாமல்.
இரண்டு நீலக் கோடு.
பதில் இல்லை.

நான் முதல் வரியை அழித்துவிட்டு
அந்த இடத்தில் என்ன வைப்பதென்று தெரியாமல்
முப்பத்தொரு பேர் என்று எழுதி
அதற்குமேல் போகாமல் இருந்தேன்.
வினாத்தாள்களில் பேனையால் கீறிய நாலாவது பெட்டி
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் சரிந்திருந்தது.

மறுநாள் பத்தரைக்கு ஃபோன் அதிர்ந்தது.
ஹஸ்மியாதான்:
உன்ட மேசையிலதான் இருக்கன்.
கொக்கட்டிச்சோலையில
எந்த எழுத்தை விட்டாய்?